“கௌரவ வெள்ளையர்”!

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று சில பெரிய மனிதர்கள் உபதேசம் செய்கிறார்கள். முதலில் கலந்தவர்கள் யார் என்று நாம் கேட்கின்றோம். ரக்பி என்னும் பந்தாட்டத்தில் பேர் போன நியூஸிலாந்துக்காரர்கள் 1928, 1949, 1960-ம் வருஷங்களில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனபோது, அங்குள்ள வெள்ளையரின் நிறத்திமிருக்கு இணங்கி, தங்கள் நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளை ஒதுக்கிவிட்டே போனார்கள். அது அரசியல் அல்லவாம்!

1970-ல் மாவோரி ஆட்டக்காரர்களும் போனார்கள். எப்படியென்றால், “கௌரவ வெள்ளையர்” என்னும் பட்டத்தோடு! ஒருவனை மனிதனாக மதிக்க மனமில்லாமல், சில நாளைக்கு மட்டும் வெள்ளையனாகப் பாவித்துக்கொள்வது மரியாதையா, அவமானமா?

1981-ல் தென்னாப்பிரிக்கக் கோஷ்டி நியூஸிலாந்துக்கு வந்தபோது, ஹாமில்டன் நகர மைதானத்தில் ஜனங்கள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். உடனே, “ஐயோ, அரசியல்!” என்று கூச்சல் போட்டார்கள்.

நிற்க, 2019-லும் 2023-லும் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையை வென்றபோது அதன் கோஷ்டித் தலைவர் சியா கொலிசி என்னும் கறுப்பர். அவர் தொட்டதால் பந்து தீட்டுப்பட்டுப் போயிற்றா?

ஆகவே, விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பவர்கள் முதலில் அதில் புகுத்தப்பட்ட பிறவி இழிவை ஒழிக்கட்டும். பிறகு உபதேசம் செய்யட்டும்.