எலி, டேப், ஸ்டாப் வாட்ச்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடம் என்றதும் உங்கள் மனசில் என்ன ஓடுகிறது? வெள்ளைக் கோட்டு, கலர் கலராகக் கொதிக்கும் குடுவைகள், திடீரென்று "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தும் தாடிவைத்த புரொபஸர்... சரிதானே? நம் சினிமாவுக்கு நன்றி!

ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் பற்றி ஆராயும் கூடத்தில் நிஜமாக நடப்பது வேறு. ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ கையில் ஸ்டாப் வாட்சோடு எலி முன்னால் உட்கார்ந்திருப்பார். எலியின் இரண்டு முன்னங்கால்களிலும் துண்டு டேப் ஒட்டியிருக்கும். எலி அதை எத்தனை விநாடியில் கவனிக்கிறது, எத்தனை விநாடியில் பல்லால் பிய்த்து எறிகிறது என்று குறித்துக்கொள்வார். அடுத்த எலி. அதற்கடுத்த எலி. சாயங்காலம் வரை இதேதான். இதற்கு டாக்டர் பட்டம் வேறு!

சிரிக்காதீர்கள். பக்கவாதம் வந்த எலிக்கு ஒரு பக்கத்து டேப் சட்டென்று உறைக்காது. பக்கவாதம் வந்த சில மனிதர்கள்கூடத் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். பசியில்லாமல் இல்லை, அந்தப் பாதி அவர்கள் கவனத்துக்கே வருவதில்லை. அதைத்தான் அந்த ஸ்டாப் வாட்ச் எலியிடம் அளக்கிறது.

பக்கத்து மேஜையில் இன்னொரு ஆசாமி. மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, மயக்கத்தில் இருக்கும் எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையை மூளை வரை செலுத்திக்கொண்டிருப்பார். இழை அடைத்தால் ஸ்ட்ரோக். உருவினால் ரத்தம் மறுபடி ஓடும். கை கொஞ்சம் நடுங்கினாலும் எலி அவுட். பிறகு மூளையைத் துண்டு போட்டுச் சாயத்தில் ஊறவைப்பார்கள். உயிருள்ள பகுதி சிவப்பாகும், செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை குறைந்தால் மருந்து ஜெயித்தது!

இவ்வளவுதானா என்றால், இங்கேதான் வில்லங்கமே. எலியின் உடம்புச் சூடு கொஞ்சம் குறைந்தாலே மூளைச் சேதம் குறைந்துவிடும். 1990-ல் புக்கன், புல்சினெல்லி என்ற இரு டாக்டர்கள், ஜெர்பில் என்கிற எலி ஜாதிப் பிராணியிடம் 'எம்.கே-801' என்ற மருந்தைச் சோதித்தார்கள். அப்போது ரொம்பப் பேசப்பட்ட மருந்து. பார்த்தால், மூளையைக் காப்பாற்றியது மருந்து இல்லை. உடம்பு ஜில்லிட்டுப் போனதுதான்! அதனால்தான் எலி குஷனில் படுத்த மாதிரி வெதுவெதுப்பான மெத்தையில் கிடக்க, ஒருவர் தெர்மாமீட்டரையே முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய வில்லங்கம், மனுஷன். "இந்த எலிக்கு நம்ம மருந்து கொடுத்திருக்கு" என்று தெரிந்தால் ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரல் தானாகவே கொஞ்சம் முந்தும். அயோக்கியத்தனம் இல்லை, ஆசை. மானேஜருக்கு எந்த நம்பர் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு ரிப்போர்ட் தயாரித்த எவருக்கும் இது புரியும். சொந்த ஊர் அம்பயர் எல்.பி.டபிள்யூ. கொடுக்கிற கதைதான். ஆகவே எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பதை அளப்பவரிடம் சொல்லக்கூடாது. எந்த எலி எந்தக் கட்சி என்பதையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

செய்தார்களா? பல இடங்களில் இல்லை. விளைவு?

2006-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் விக்டோரியா ஓ'காலின்ஸும் சகாக்களும் பொறுமையாக உட்கார்ந்து ஒரு கணக்கு எடுத்தார்கள். ஸ்ட்ரோக்குக்கு என்று அதுவரை சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் மொத்தம் 1,026! நூற்றுக்கும் மேற்பட்டவை மனிதர்கள் வரை வந்தவை. மூளைச் செல்களைக் காப்பாற்றுவதாகச் சொன்ன மருந்துகளில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்து சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

அதே 2006-ல் 'என்.எக்ஸ்.ஒய்-059' என்ற மருந்து முதல் பெரிய சோதனையில் பலன் காட்டியது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்ததாக 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்கம் மக்லியாடும் மற்றவர்களும் பழைய எலிக் கணக்குகளைக் கிளறினார்கள். சீட்டுக் குலுக்காத சோதனைகளில்தான் மருந்து பிரமாதமாக வேலை செய்திருந்தது!

எனக்கு இந்த ஆசாமிகளைப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். பத்து வருஷ உழைப்பில் ஓட்டை எங்கே என்று தேடி, அதை ஊரறிய அச்சடித்துப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவர்கள் ஜெயிக்கவே இல்லையா? ஜெயித்திருக்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்து முயல்களுக்கு உதவியது என்று 1985-ல் எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து, 1995-ல் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு டம்மி என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து போனவர்களில், மூன்று மாதம் கழித்துக் கிட்டத்தட்டப் பழையபடி நடமாடியவர்கள் அதிகம். மூளையில் ரத்தக்கசிவும் அதிகம்: மருந்துக் கட்சியில் 6.4 சதவீதம், டம்மிக் கட்சியில் 0.6. அதையும் ஒளிக்காமல் பக்கத்திலேயே போட்டார்கள்.

2008-ல் அந்த அவகாசம் நாலரை மணி நேரமாக நீண்டது. கட்டியைக் குழாய் விட்டு வெளியே இழுப்பதும் பெரிய ரத்தக்குழாய் அடைப்புகளுக்குப் பலன் தரும் என்று 2015-ல் நிரூபணம் ஆயிற்று.

அவசரம் எதற்கு? பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் காலி. 2006-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர் ஜெஃப்ரி சேவர் போட்ட கணக்கு இது.

ஆகவே பக்கத்து சீட்காரருக்குத் திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூடவே மணியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று, "எப்போ ஆரம்பிச்சுது?" என்பதுதான். எலிக்கு டேப் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்த கேள்வி அது. "கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்னு நினைச்சோம் டாக்டர்" என்பது அதற்குப் பதில் இல்லை!