பஞ்சுத் துண்டு சொல்லும் சுண்டெலியின் சுகம்!

"பசி எப்படி இருக்கு? தூக்கம் வருதா? மலம் ஒழுங்காப் போகுதா?" - சித்த மருத்துவரிடம் போனால், நாடி பிடிக்கும்போதே இந்தக் கேள்விகளும் கூடவே வரும். காரணம் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறவரை, தன் இயல்பான வேலைகளைத் தானாகச் செய்துகொண்டே இருக்கும். ஏதாவது சங்கடம் வந்தால், முதலில் தடுமாறுவது அந்த வேலைகள்தான்.

வாய் பேசுகிற மனிதருக்கே இப்படி என்றால், வாயில்லா ஜீவனுக்கு?

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியைத்தான் சொல்கிறேன். 'டாக்டருக்கு எலி மேல என்ன திடீர் கரிசனம்?' என்று நீங்கள் சிரிக்கலாம். நாம் விழுங்கும் மருந்துகளில் ஏராளமானவை எலிகளிடம் சோதிக்கப்பட்டு வந்தவைதான். எங்கள் சித்த மருத்துவமும் இதற்கு விலக்கல்ல. பற்பம், செந்தூரம் போன்றவற்றின் நச்சுத்தன்மையைப் பார்க்கும் ஆய்வுகளிலும் எலிகள்தான் பயன்படுகின்றன. அந்த எலி சுகமாக இருந்ததா, வலியில் கிடந்ததா என்பது நமக்கும் வேண்டிய சங்கதிதான்.

இதில் ஒரு சிக்கல். சுண்டெலி தன் வலியை லேசில் காட்டாது. பூனைக்கும் பாம்புக்கும் ஆந்தைக்கும் இரையாகிற பிராணி அது. 'எனக்கு முடியலை' என்று காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும்! போதாததற்கு, அது ராத்திரியில் நடமாடுகிற ஜீவன். நாம் நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்கிற பகல் வேளை, அதற்குத் தூங்குகிற வேளை. ஒரு மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு எழுதிட்டு வந்துடுவோம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எலி தானாகச் செய்கிற வேலையைப் பாருங்கள் என்கிறது அறிவியல்.

சுண்டெலிக்குக் கூடு கட்டுவது பிறவிக் குணம். குட்டி போடும் பெண் எலி மட்டுமல்ல, ஆண் எலியும் கட்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீக்கன் இதற்கு ஒரு சுலபமான வழியை 2006-ல் எழுதி வைத்தார். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அழுத்திச் செய்த 3 கிராம் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கூண்டில் போட வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பஞ்சு தொடாமல் அப்படியே கிடந்தால் 1. நன்றாகப் பிய்த்து, சுற்றிலும் சுவர் எழுப்பிக் கிண்ணம் போலக் கட்டியிருந்தால் 5. அவ்வளவுதான்!

தோண்டுவதும் அப்படியே. ஒரு குழாயில் தீவன உருண்டைகளை நிரப்பி வைத்தால், சுகமாக இருக்கிற எலி அதைத் தோண்டி வெளியே தள்ளிவிடும். வயிற்றில் அறுவை நடந்த எலி இந்த வேலையைத் தொடங்கவே தாமதிக்கிறது என்று ஜூரிச் ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். அதே ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார், எலியின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். கண், மூக்கு, கன்னம், காது, மீசை - இந்த ஐந்தையும் பார்க்க வேண்டும். எங்கள் எண்வகைத் தேர்வில் விழியும் நிறமும் பார்ப்பது நினைவுக்கு வருகிறதா?

'எலிக்கு இவ்வளவு உபசாரமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இது உபசாரம் இல்லை, கணக்கு! வலியில் தவிக்கிற எலி சரியாகச் சாப்பிடாது. அதன் சுரப்புகளும் எதிர்ப்பு சக்தியும் மாறிப்போகும். எடை குறைந்தால், அது மருந்தின் வேலையா, வலியின் வேலையா? அந்தக் குழப்பமான கணக்கை நம்பித்தான் மனிதனுக்கு மருந்து கொடுக்க வேண்டுமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூடு கட்டாத எலியெல்லாம் நோயாளி அல்ல. கூடு குளிருக்கும்தான். சுண்டெலிக்கு இதமான சூடு 30 டிகிரியை ஒட்டியது. அறை வெதுவெதுப்பாக இருந்தால் அது பஞ்சை அலட்சியம் செய்யலாம். எலியின் ரகத்துக்கு ரகமும் வித்தியாசம் உண்டு. ஆகவே, நேற்று அதே எலி எப்படிக் கட்டியது, இன்று எப்படிக் கட்டுகிறது என்று ஒப்பிடுவதே முறை.

பிராணிகளுக்காக ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் குரல் கொடுத்தார். 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆய்வு விலங்குகளைக் கண்காணிக்கும் குழுவும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. என் கோரிக்கை சின்னதுதான். எலியின் எடையை எழுதுகிற நோட்டில், கூட்டுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதிலும், 'உயிர்களிடத்தில் அன்பு' என்று பேசுகிற எங்கள் சித்த மருத்துவ ஆய்வுக்கூடங்கள் முதலில் தொடங்கட்டும். செலவு? ஒரு பஞ்சுத் துண்டு!

உங்கள் வீட்டுப் பிள்ளை மருந்தியலோ உயிரியலோ படிக்கிறதா? ராத்திரி சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "உங்க லேப் எலி நேத்து கூடு கட்டுச்சா?"