பணம் அனுப்பியவர் பெயர் பத்திரத்தில் இல்லை

கடலூர் செம்மண்டலத்தில் குண்டு சாலை என்றொரு சாலை உண்டு. சற்றுத் தள்ளி குண்டு உப்பலவாடி என்றொரு ஊர். அந்தக் குண்டு பீரங்கிக் குண்டு என்பார்கள் ஊர்க்காரர்கள். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து, பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் கிரயத்தில் அடக்கம். நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. இது வியாபாரமா வழிப்பறியா என்று இன்னும் வாதாடலாம். ஆனால் சொத்து யார் பெயரில் என்பதில் மட்டும் கம்பெனி எள்ளளவும் சந்தேகம் வைக்கவில்லை.

அதே கடலூர் மாவட்டத்திலிருந்து இன்று கடல் கடந்து போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் வாய்க்கவில்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், புவனகிரி, மங்கலம்பேட்டை என்று எங்கு பார்த்தாலும் சவூதி, துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள் நிற்கின்றன. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அவற்றில் பலவற்றில் சம்பாதித்தவர் பெயர் இருக்காது. அண்ணன் பெயர் இருக்கும், மச்சான் பெயர் இருக்கும், அப்பா பெயர் இருக்கும்.

இதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி, விற்பவரோடு வாங்குபவரின் புகைப்படமும் கைரேகையும் கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும். மனை அமைவது ஆவணியில். விடுப்பு கிடைப்பதோ அடுத்த ஆண்டு ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ. அதற்குள் வேறு யாராவது முன்பணம் கொடுத்துவிடுவார்கள். “இப்போதைக்கு உன் பேர்ல போட்டுடு, வந்து பாத்துக்கலாம்” என்று தொலைபேசியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த “இப்போதைக்கு” இருபது ஆண்டு நீள்வதுண்டு.

தாய்லாந்தில் நிலம் வாங்க ஆசைப்படும் ஐரோப்பியருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அங்கே 1954-ம் ஆண்டு நிலச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்கு நில உரிமை தருவதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கலாம். அதிலும் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் அயலார் கைக்குப் போகக் கூடாது. தனி வீடும் தோட்டமும் வேண்டுமென்றால் தாய்லாந்து மனைவி பெயரில் வாங்குகிறார்கள். அப்போது நிலப் பதிவு அலுவலகத்தில் கணவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ‘இந்தப் பணம் முழுக்க என் மனைவியின் தனிப் பணம், இதில் எனக்குப் பங்கில்லை’ என்பது அதன் சாரம். தன் பணத்தைத் தன்னுடையது அல்ல என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மணமுறிவின்போது அதே பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போகிறார்கள். முப்பது ஆண்டுக் குத்தகை, அனுபவ உரிமைப் பதிவு என்று வழக்கறிஞர்கள் சில தடுப்புகளைச் சொல்லித் தருகிறார்கள். பதிவேட்டில் வெளிப்படையாக ஏறிய உரிமைக்கு ஓரளவு பலன் உண்டு. பினாமி ஆட்களை 51 விழுக்காட்டுப் பங்குதாரர்களாகக் காட்டிக் கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் நிலம் வாங்குபவர்கள் அரசின் சோதனைக்கு அஞ்சியே காலம் தள்ளுகிறார்கள்.

அங்கே போகிறவர் அந்நியர். சட்டம் அவரைத் தடுக்கிறது. நம்மவர் சொந்த நாட்டின் குடிமகன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தமிழ்நாட்டில் வீடோ மனையோ தன் பெயரில் வாங்க ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. சட்டம் திறந்து வைத்த வாசலை விட்டுவிட்டு அவர்தான் கொல்லைப்புறம் வழியாக வருகிறார்.

கொல்லைப்புறம் எவ்வளவு ஆபத்தானது என்பது பலருக்குத் தெரியவில்லை. 1988-ம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் பல்லும் நகமும் பெற்றுவிட்டது. மனைவி அல்லது கணவர் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும், கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் வாங்கினால் அது பினாமி ஆகாது. உடன்பிறந்தவர், பெற்றோர் விஷயத்தில் ஒரு கொக்கி இருக்கிறது: பணம் போட்டவர் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் மட்டும், அப்பா பெயரில் மட்டும் என்று பதிந்தால் அந்த விலக்கு கிடைக்காது. மச்சான் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

விலக்கு இல்லையென்றால் என்ன ஆகும்? “பணம் என்னுடையது, சொத்தை எனக்கே கொடுங்கள்” என்று வழக்குத் தொடுப்பதை 4-ம் பிரிவு தடுக்கிறது. பெயர் கொடுத்த தம்பி நல்லவராக இருந்து, “அண்ணே, உங்க சொத்து, எழுதி வாங்கிக்குங்க” என்று வந்தாலும், பினாமிச் சொத்தை உண்மை உரிமையாளருக்குத் திருப்பி எழுதுவதை 6-ம் பிரிவு தடுக்கிறது. வருமான வரித் துறை தோண்டினால் சொத்தே அரசுக்குப் போகலாம். குற்றம் நிரூபணமானால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். ஏமாற்றியவனைவிட ஏமாந்தவனை அதிகம் மிரட்டும் சட்டம் இது என்று குறைப்பட்டுக்கொள்ள நியாயம் இருக்கிறது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க விரித்த வலையில், வெயிலில் சாரம் கட்டிச் சம்பாதித்தவனும் மாட்டுகிறான். நம்பிக்கைப் பொறுப்பில்தான் உறவினர் பெயரில் வைத்திருந்தோம் என்று நிறுவித் தப்பிய குடும்பங்கள் இல்லாமல் இல்லை. அதற்குச் செலவாகும் ஆண்டுகளை யார் ஈடு செய்வது?

நிரூபிப்பதற்கும் ஏதாவது கையில் இருக்க வேண்டும். பணம் உண்டியல் (ஹவாலா) வழியாக வந்திருந்தால் தடயமே இல்லை. வங்கி வழியாக வந்திருந்தாலும், பத்திரத்தில் கைட்லைன் மதிப்பை மட்டும் எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த மீதி எந்த ஏட்டிலும் இல்லை. பதிவுச் செலவில் மிச்சம் பிடித்த சிறு தொகைக்காக, பல லட்சத்துக்கான சாட்சியை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

குடியுரிமை மாறியவர்களின் சிக்கல் தனி ரகம். சிங்கப்பூர்க் குடிமகனாகி ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருப்பவர் சிதம்பரத்தில் வீடு வாங்கலாம். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணத்துப் பாசனத்தில் அரைக்காணி நஞ்சை வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் அவருக்கு விலக்கப்பட்டவை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆசை விடாமல் அக்காள் மகன் பெயரில் வாங்குபவர் அந்நியச் செலாவணிச் சட்டம், பினாமிச் சட்டம் இரண்டிலும் கால் வைக்கிறார். வெளிநாட்டவரான மனைவியையோ கணவரையோ சேர்த்துக் கூட்டாக வாங்கவும் 2019-ம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது: ஒரே ஒரு சொத்து, விவசாய நிலமாக இருக்கக் கூடாது, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் ஐந்தாண்டுக்கு உட்பட்ட குத்தகைதான். இந்த விதிகளை ‘ஏதோ ஃபார்மாலிட்டி’ என்று ஒதுக்குபவர்கள் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பார்க்கலாம். வெளிநாட்டவரான ஒரு விதவை 1977-ல் பெங்களூருச் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். அன்றைய சட்டப்படி பெற வேண்டிய ரிசர்வ் வங்கி அனுமதியைப் பெறவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்தும் அந்தத் தானம் செல்லாது என்றது நீதிமன்றம்.

இனி மனைவி பெயர். அது சட்டம் அனுமதிக்கும் வழி. ஆனால் அங்கேயும் ‘என் பணம்’ என்ற பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் அளந்து காட்டியது. கணவர் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர் எல்லாம் தன் சம்பாத்தியம் என்றார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி தாங்கியதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் பங்களிப்பே என்று கூறி, அந்தச் சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தார்.

பணத்தைப் ‘பாதுகாப்பது’ பற்றிப் பேசும்போது இந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. கொத்தனாருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தது, பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்தது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது எல்லாம் யார்? அந்த உழைப்புக்கு ரசீது கிடையாது. மனைவியை ஏமாற்றக்கூடியவராக மட்டும் பார்த்து ரகசியத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது அநியாயம், பெரும்பாலும் பயனற்றதும்கூட. இருவர் பெயரையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் அவருக்கும் காப்பு, இவருக்கும் காப்பு. தம்பியோடு சேர்ந்து வாங்கினாலும் இதே வழிதான். பங்கு சமமில்லை என்றால் யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் அதிலேயே எழுதலாம். பத்திரத்தில் பெயர் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று தயங்குவார்கள். கேட்காமல் விட்டதால் கெட்ட உறவுகளைச் சிதம்பரம், கடலூர் நீதிமன்ற வராந்தாக்களில் எந்த வேலை நாளிலும் பார்க்கலாம்.

விடுப்பு கிடைக்காதவருக்கும் வழி இருக்கிறது. இந்தத் தேதியில், இந்தச் சர்வே எண் மனையை என் பெயரில் வாங்க என் சார்பில் கையெழுத்திட என்று வேலையை வரையறுத்து, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதில் சொத்து பவர் வாங்கியவருக்குப் போகாது. விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து அதிகாரம் தரும் பொது பவரை மட்டும் அவசரத்தில் கொடுத்துவிடக் கூடாது. விலையை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான தன் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேரே செலுத்தி, அந்தப் பரிமாற்ற எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிடச் சொன்னால் எழுத்தர் மறுக்க மாட்டார்.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் வழக்கறிஞரிடம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அரசுக்கு அழகில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் சென்னையில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடப்படுகிறது. அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. கலைநிகழ்ச்சி மேடைக்குப் பக்கத்தில் பதிவுத் துறை ஒரு மேசை போடட்டும். சொத்து வாங்குவதற்கான வரையறுக்கப்பட்ட பவர் பத்திரத்தின் மாதிரியைத் தமிழில் அச்சிட்டு அங்கே கொடுக்கட்டும். ரியாத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் அனுப்பட்டும். வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்திலேயே காணொளி வழியாக அடையாளம் சரிபார்த்துக் கைரேகை எடுக்க ஏற்பாடு வேண்டும் என்று மத்திய அரசிடம் மாநில அரசு கேட்கட்டும். பவர் பத்திரத்துக்கு அதே தூதரகம் ஏற்கெனவே சான்றொப்பம் தரும்போது, கிரயப் பத்திரத்துக்குக் கைரேகை எடுக்க மட்டும் அதனால் ஏன் ஆகாது என்பதற்கு டெல்லிதான் பதில் சொல்ல வேண்டும்.