இன்ஜின் மாற்றலாம், பிரேக் என்னாவது?

பழைய கஞ்சிலில் ஜப்பான் டர்போ இன்ஜினை ஏற்றும் ஆசை நம் இளைஞர்களிடம் இன்னும் குறையவில்லை. ஹாப்-கட் கடைக்குப் போனால் இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் ஒரே கட்டாகக் கிடைக்கும். பேச்செல்லாம் எத்தனை குதிரைச்சக்தி என்பதைப் பற்றியே இருக்கும்.

இன்ஜின் மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. 1994-இல் வந்த கஞ்சிலின் தயாரிப்பு 2009-இல் நின்றது. ஆனாலும், இன்றும் அதில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர். ஒன்பது ஆண்டுக் கடனில் புதுக் காடி வாங்க எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. பாடி துருப்பிடிக்காமல் இருந்தால், வேறொரு இன்ஜினைப் போட்டு ஓட்டுவது கெட்டிக்காரத்தனம்தான்.

எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். அப்பாவின் 850 கஞ்சில் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. செமஸ்டர் விடுமுறை என்பதால் நானும் பட்டறையில் கூடவே இருந்தேன். அதே ரக இன்ஜின் ஒன்று தயாராக இருந்தும், போர்மேன் அண்ணன் முதலில் ரேடியேட்டரைத்தான் கழற்றினார். உள்ளே பாதிக்கு மேல் துரு அடைத்திருந்தது. “பழைய இன்ஜின் எதனால செத்துச்சுன்னு பார்க்காம அடுத்ததைப் போட்டா, அதுவும் அதே வியாதியில போயிடும் தம்பி,” என்றார்.

பிறகு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், மவுண்டிங் ரப்பர் என்று பட்டியல் நீண்டது. வந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அது வெளியே இருக்கும்போதே மாற்றினால் வேலை சுலபம், கூலியும் மிச்சம். இன்ஜின் விலையை மட்டும் கணக்குப் போட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் திணறுவது இங்கேதான்.

“அப்படியே டர்போவைப் போட்டுடு, மச்சி!” என்று நண்பர்கள் சொல்லாமல் இல்லை. ஜப்பானின் 660 சிசி டர்போ 64 குதிரைச்சக்தி வரை தரும். சிறிய காடிக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் பிரேக் பழையதுதானே? படிவம் ஐந்து இயற்பியலே போதும்: வேகம் 80-இலிருந்து 120 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பின்சக்கரத்து டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டவை அல்ல. பின்னிருக்கையில் உட்காரும் அம்மாவும் தங்கையும் குதிரைச்சக்தி கேட்கவில்லை. எனக்கும் வேகம் பிடிக்கும். இருந்தாலும் பெரிய டிஸ்க், நல்ல டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்குக் காசு இல்லாதவர் டர்போவுக்கு ஆசைப்படக் கூடாது என்பதே என் கட்சி.

இன்னொன்று, கிரான். இன்ஜின் எண் அதில் பதிவாகியிருக்கும். எந்த இன்ஜினை மாற்றினாலும் வாகனப் பரிசோதனை, ஜேபிஜே அனுமதி இரண்டும் வேண்டும். ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று விட்டுவிட்டால், விபத்து நடந்த அன்று காப்புறுதி நிறுவனம் பார்க்கும். இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். இன்ஜின் வாங்கிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் இன்ஜின் எண் எழுதியிருக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பணத்தை எடுக்காதீர்கள்.