மூளை அறுவை சிகிச்சை: மயக்க மருந்து நிபுணரை யாரும் கேட்பதில்லை

மூளையில் இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எந்த டாக்டர் ஆபரேஷன் செய்வார்?" என்பதுதான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்பவர் குறைவு. ஆனால், அவர் இல்லாமல் அறுவை சிகிச்சை தொடங்காது.

மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்ட உறுப்பு. வீங்கினால் விரிய இடமில்லை. இரத்த அழுத்தம் ஏறினால் பலவீனமான குழாய் வெடிக்கலாம். அளவுக்கு மேல் இறங்கினால் இரத்தம் போதாமல் பக்கவாதம் வரலாம். கழுத்து இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. கரியமிலவாயுவின் அளவு மாறினால்கூட மூளையின் குழாய்கள் சுருங்கும் அல்லது விரியும். பல மணி நேரம் இதையெல்லாம் கண்காணிப்பவர் மயக்கவியல் நிபுணர்.

இவர் உருவாக மருத்துவப் பட்டத்திற்கு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 2 ஆண்டு, முதுகலைப் படிப்பிற்கு 4 ஆண்டு ஆகும். மொத்தம் 11 ஆண்டுக்குக் குறையாது. மூளை அறுவைக்கான தனிப்பயிற்சி அதற்குப் பிறகுதான்.

நாட்டில் ஒப்பந்த மருத்துவர் முறை 2016இல் தொடங்கியது. நிரந்தரப் பணியும் நிபுணத்துவப் பயிற்சி வாய்ப்பும் கேட்டு 2021 ஜூலை 26இல் இளம் மருத்துவர்கள் வெளிநடப்பு செய்தனர். நிபுணத்துவத் தகுதிகளை அங்கீகரிப்பதில் எழுந்த சர்ச்சைக்குப் பின், 2024 ஜூலையில் மருத்துவச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது.

சட்டம் பயிற்சிக்கு வழி திறக்கலாம். ஆனால் இந்தத் திறன் அறுவை அறையில், மூத்த நிபுணரின் பக்கத்தில் நின்று பழகுவது. அவர் தனியார் மருத்துவமனைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், அரசு மருத்துவமனை இழப்பது ஒரு மருத்துவரை மட்டுமல்ல, ஓர் ஆசிரியரையும்தான். எனவே பயிற்சி இடங்களைக் கூட்டுவதோடு, பயிற்றுவிப்பவரைத் தக்கவைப்பதும் சுகாதார அமைச்சின் பொறுப்பு.

இதில் நம் சமூகத்திற்கும் பங்குண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பக்கவாதத்திற்கு வழிவிடுபவை. தோட்டப்புறக் குடும்பங்களில் பலருக்கு அரசு மருத்துவமனையே கதி.

அறுவைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேள்வி கேட்க வருவார். சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, குடிப்பழக்கம் எதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். அவருடைய கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.