கட்டத்துக்கு ஓர் உரை

தொல்காப்பியச் சூத்திரத்தை உரையில்லாமல் படிப்பது கஷ்டம். இணையத்தில் நிரப்பும் படிவங்களும் இப்போது சூத்திரங்களாகிவிட்டன. இரண்டே சொல்லில் ஒரு கேள்வி, பக்கத்தில் காலிக் கட்டம். உரை மட்டும் கிடையாது.

கோலார் தங்கவயலில் இது பிழைப்பைத் தொடும் விஷயம். 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, வேலைக்காக மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூர் போய்வரும் ஊர் அது. வேலை, ஓய்வூதியம், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் படிவம் காத்திருக்கிறது. கேள்விகள் ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் கன்னடத்தில். அங்குள்ள தமிழர்கள் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பெரியவர்கள் பலருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ்தான்.

முதல் கட்டத்திலேயே சிக்கல். ‘சர்நேம்’ என்ன என்கிறது படிவம். தங்கவயல் தமிழருக்கு இருப்பதோ ஒரு பெயரும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும். இன்ஷியலை அப்படியே போடுவதா, விரித்து எழுதுவதா, காலியாக விடுவதா? ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் எழுதிவிட்டால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டும். கூலியை விட்டுவிட்டு அலைகிற அலைச்சல் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்றது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. ஒரு காலிக் கட்டம் விமான நிலையம்வரை வந்து வழிமறிக்கிறது.

உரையை யாரும் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உதவிக் குறிப்பு எழுதிவைக்க இடம் உண்டு. மென்பொருளின் சொந்தப் பக்கத்தில் அது தானாகவே தெரியும். நிறுவனம் தனக்கென்று அழகாகத் தனிப் பக்கம் வடிவமைக்கும்போதுதான் வினை. புரோகிராமர் மெனக்கெட்டு எடுத்துப் போடாவிட்டால் குறிப்பு உள்ளேயே தங்கிவிடும். எடுத்துப் போடுகிறவர்களும் அதைச் சின்னக் கேள்விக்குறிக்குள் ஒளித்துவைக்கிறார்கள். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால்தான் விரியும். செல்போனில் மவுஸுக்கு எங்கே போவது? கட்டத்துக்குள் வெளிறிய எழுத்தில் போட்டாலோ, டைப் செய்ய ஆரம்பித்ததும் மறைந்துவிடும். சந்தேகம் வருவதோ அந்த நேரத்தில்தான்.

தேவை பெரிதல்ல. கட்டத்தின் கீழே, மறையாத எழுத்தில், ‘இன்ஷியலை விரித்து எழுதவும்’ என்பது போல ஒரே வரி. அதை ஊராருக்குத் தெரிந்த மொழியிலும் போட வேண்டும். இது சலுகையும் அல்ல. மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதத்துக்குக் குறையாத பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளையும் விதிகளையும் அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று 1961லேயே முதலமைச்சர்கள் மாநாடு ஒப்புக்கொண்டது. அன்று அறிவிப்பு என்றால் சுவரில் ஒட்டும் காகிதம். இன்று படிவத்தின் கட்டத்துக்கு அடியில் வரும் அந்த ஒரு வரியும் அறிவிப்புதான்.

குறைதீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. குறையைச் சொல்லத் தமிழ் உண்டு. குறையே வராமல் கட்டத்தை நிரப்பத் தமிழ் வேண்டாமா?