கடல்பாசியைக் கிண்ணத்தில் கொடுங்கள், டப்பாவில் அடைக்காதீர்கள்!

கடல்பாசி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது நண்பர்களே? நோன்புக் காலத்தில் பக்கத்து பாய் வீட்டிலிருந்து வரும், ரோஸ் நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய, வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் அந்த இனிப்பா? அப்படியென்றால் நீங்கள் பிழைத்தீர்கள். சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி, புற்றுநோய் எல்லாவற்றையும் விரட்டும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பச்சை கேப்சூல் ஞாபகம் வருகிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கடல்பாசி நல்ல உணவு. அதை மருந்து என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. இந்த ஏமாற்றில் சாப்பிடுகிறவர் உடம்பும் கெடுகிறது, கடலில் மூழ்கி அதைப் பறிக்கிற பெண்களுக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

முதலில் பெயர்க் குழப்பம்

தமிழில் 'பாசி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் விற்கலாம். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி கடலில் விளைவதே இல்லை. அது மரத்திலும் பாறையிலும் படரும் வேறு இனம். கடைகளில் 'கடல்பாசி கேப்சூல்' என்று விற்பதில் பெரும்பாலானவை ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி. அதுவும் கடலிலிருந்து வருவதில்லை. காரத்தன்மையுள்ள தண்ணீர்த் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், எங்கள் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஆரோவில்லில்கூட. உண்மையான கடல்பாசி என்பது கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்றெல்லாம் ராமநாதபுரம் கரையோரம் பெயர் சொல்லி அழைக்கிறார்களே, அவை. பெயரிலேயே பொய் என்றால் பலனில் எவ்வளவு இருக்கும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

நான் விஞ்ஞானம் படிக்கவில்லை, பி.காம். ஆனால் இந்த விளம்பரங்களைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும்.

'ஸ்பைருலினாவில் 60 சதவீதம் புரதம்' என்கிறார்கள். உண்மைதான். ஒரு கேப்சூலில் அரை கிராம் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புரதம் 0.3 கிராம். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம். அதாவது ஒரு முட்டைக்கு ஈடாக 20 கேப்சூல் விழுங்க வேண்டும். முட்டை என்ன விலை, 20 கேப்சூல் என்ன விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

'பாலைவிட 10 மடங்கு கால்சியம்' என்பது அடுத்தது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் வற்றக் காய்ந்த பாசி 100 கிராமையும், பெரும்பகுதி தண்ணீரான பால் 100 கிராமையும் ஒப்பிடுகிறார்கள். 100 கிராம் பாலில் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால், 10 மடங்கு என்பது 1200. ஆனால் நீங்கள் விழுங்குவது நாளுக்கு இரண்டு கேப்சூல், 1 கிராம். கிடைப்பது 12 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240. பொய் சொல்லவில்லை, ஆனால் ஏமாற்றிவிட்டார்கள். இதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் மார்க்கெட்டிங் வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

உப்பும் அயோடினும்

இனி விஷயம் விளையாட்டில்லை. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். கடல்பாசியில் அயோடின் உண்டு. 1811ல் பெர்னார்ட் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் அயோடினைக் கண்டுபிடித்ததே கடல்பாசிச் சாம்பலில்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு எங்கள் ஊர் உப்பளம் தெரிந்திருக்கும். 'கடல் உப்புதானே, அயோடின் தானாகவே இருக்கும், எதற்குத் தனியாகச் சேர்க்கிறார்கள்?' என்று எங்கள் ஊரிலேயே கேட்பவர்கள் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின். அந்த அயோடின் முழுவதும் பாத்தியில் தங்கினாலும் (தங்குவதில்லை) 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150. அதனால்தான் 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் சமையல் உப்பில் அயோடின் கட்டாயம். கடைக்கு வரும் உப்பில் 10 லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும். 10 கிராமில் 150 மைக்ரோகிராம். கணக்கு சரியாக இருக்கிறதா?

அதாவது அயோடின் உப்பு வாங்கும் வீட்டில் பெரும்பாலும் பற்றாக்குறை இல்லை. அங்கே போய் கெல்ப் கேப்சூலை விற்றால் என்ன ஆகும்? ஜப்பானியர் 'கொம்பு' என்று ஒரு பழுப்புப் பாசி சாப்பிடுகிறார்கள் (நம்ம ஊர் மாட்டுக்கொம்பு இல்லை). காய்ந்த கொம்பு 1 கிராமிலேயே 1000 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கலாம். அளவு மீறினாலும் தைராய்டு சுரப்பி கெடும். 2009ல் ஆஸ்திரேலியாவில் கொம்பு சேர்த்த ஒரு சோயா பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு வந்து, அதைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள்.

எங்கள் தெருவில் உப்பு வாரும் அக்கா ஒருவர் அரசு ஆஸ்பத்திரித் தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கிலி வியாபாரக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் வந்து 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்க, இது இயற்கை' என்று பாசி கேப்சூலைத் தலையில் கட்டினார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, வெயிலில் நிற்க முடியாமல் வேலைக்கே போகவில்லை. டாக்டர் பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் எழுந்து நடந்தார். போன கூலியை யார் தருவார்கள்? நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப்பொருளை விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய், சர்க்கரை நோய் எல்லாம் உண்டு. சட்டம் புத்தகத்தில், ஏஜெண்ட் திண்ணையில்!

ஜப்பான்காரன் சாப்பிடுகிறானே?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆமாம், சாப்பிடுகிறான். சோற்றோடு, மீனோடு, சூப்பில் போட்டு, உணவாகச் சாப்பிடுகிறான். மாத்திரையாக விழுங்கி 90 வயது வாழவில்லை. அங்கேயும் எல்லாப் பாசியும் நல்லதில்லை. 'ஹிஜிகி' என்ற பாசியில் ஆர்செனிக் அதிகம் என்று 2004ல் பிரிட்டன் உணவுத்துறை அதைச் சாப்பிட வேண்டாமென்று சொன்னது. தண்ணீரில் உள்ளதைப் பாசி உறிஞ்சும். ஆகவே கழிவு கலக்கும் முகத்துவாரத்தில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து சமைக்காதீர்கள்.

சமையலறைக்கு வாருங்கள்

நமக்கே இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று கஞ்சி. கஞ்சிப்பாசியை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்தி, வேகவைத்துக் கஞ்சியாகக் குடிப்பது நம் தென்கடற்கரை வழக்கம். பெயரே அப்படி வந்ததுதான்.

இன்னொன்று அகர் அகர், கடைக்காரர் பாஷையில் சைனா கிராஸ். 10 கிராமை ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் முழுதும் கரைத்து, சூடான பாலோ தேங்காய்ப்பாலோ சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கித் தட்டில் ஊற்றினால் போதும். 35, 40 டிகிரிக்கு வந்ததும் உறையும். திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். அதனால் நம்ம ஊர் சித்திரை வெயிலிலும் ஃப்ரிட்ஜ் இல்லாமல் கட்டியாக நிற்கும். ஜெலட்டின் நிற்காது, அது மாட்டெலும்பு, தோலிலிருந்து வருவதும்கூட. அகர் சுத்த சைவம்.

பலன்? பெரும்பகுதி நார்ச்சத்து. வயிறு நிறையும், மலச்சிக்கல் குறையும். அவ்வளவுதான். அது போதாதா? (சர்க்கரையைக் கொட்டினால் அந்தப் பலனும் போச்சு.)

காசு யாருக்கு?

எங்கள் மரக்காணத்துக் கரை மணல், பாசி பிடிக்கப் பாறை இல்லை. தமிழ்நாட்டுப் பாசி பெரும்பாலும் மன்னார் வளைகுடாப் பக்கம்தான். பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கிறார்கள். 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறையோடு தகராறு வேறு. மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதற்காகச் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது. காய்ந்த பாசி வியாபாரி கைக்குப் போய், மதுரை ஆலைகளில் அகர் ஆகிறது. கிலோவில் விற்பவர் அவர், கிராமில் விற்பவன் லாபம் பார்க்கிறான்.

2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேலான கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்லது. என் கோரிக்கை சின்னது. அந்தக் கோடிகளில் கொஞ்சத்தைச் சுத்தம் செய்த கஞ்சிப்பாசிக்குச் செலவிடுங்கள். பறிக்கும் பெண்களின் சுயஉதவிக் குழுவே பாக்கெட் போட்டு, ஆர்செனிக் சோதனை செய்து, அயோடின் அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டு விற்கட்டும். கூட்டுறவுக் கடையில் பருப்புக்குப் பக்கத்தில் அது இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. அடுத்த முறை யாராவது கேப்சூல் டப்பாவோடு வீட்டுக்கு வந்தால், 'கிராம் எவ்வளவு, அயோடின் எவ்வளவு?' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பாக்கெட் சைனா கிராஸ் வாங்கி, பாலில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். மீதிச் சில்லறையில் முட்டையும் வாங்கலாம்.